நிஜமான தாளாக இருந்துவிட்டால்

தம்பி,

உன் இன்லண்ட் லெட்டர் நேற்று மதியம் பேங்க் விலாசத்துக்கு வந்தது. கவுன்டரில் கூட்டம் குறைந்த பிறகு பிரித்துப் படித்தேன். ரூமில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, மெஸ்ஸில் சாம்பார் பரவாயில்லை, பேங்க் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது என்று எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். "ரீசனிங் பற்றி இனிமேல் நீ கவலைப்பட வேண்டாம்மா, அதற்கு வழி பண்ணியாயிற்று." அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கவுன்டரில் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தே பழகியவள் நான். உன் வரியையும் அப்படித்தான் பார்த்தேன். படித்து முடித்திருந்தால் "படித்துவிட்டேன்" என்று எழுதியிருப்பாய். புரிந்துவிட்டது என்றால் "புரிந்துவிட்டது" என்று எழுதியிருப்பாய். "வழி பண்ணியாயிற்று" என்பது படிக்கிறவன் பேசுகிற பேச்சு இல்லை. போன மாதம் வரைக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு ரீசனிங் கணக்காவது கேட்டு எழுதுவாய். கண்ணாடிக்காரனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன் யார், அவளுடைய மாமனாரின் ஒரே மகன் இவனுக்கு என்ன முறை என்று ஏதாவது இருக்கும். நானும் சாயந்தரம் கேஷ் கணக்கு முடித்த பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்து எழுதுவேன். இந்தத் தடவை ஒரு கேள்விகூட இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குச் சந்தேகம். யாரோ உனக்குக் கேள்வித்தாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது தந்தேவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நீ தங்கியிருப்பது ஆரப்பாளையம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற லாட்ஜுகளில் பரீட்சை எழுத வந்த பையன்கள் தங்குவார்கள் என்று தெரிந்தே அங்கே சுற்றுகிற ஆட்கள் உண்டு. இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்தது இல்லை. உன் அப்பா போன பிறகு அம்மா பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி பேங்க் வேலைக்குப் போனாள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். நடுவில் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. உன் பெரிய மாமாவின் பெயர் அதில் அடிபடுகிறது, அவர் முகத்தை நீ அப்புறம் எப்படிப் பார்ப்பாய் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

உன் அப்பா லாரியோடு போய்ச் சேர்ந்தபோது உனக்கு நடை பழகி முடியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டியில் அண்ணன் வீட்டுக்கு, உன் பெரிய மாமா வீட்டுக்கு வந்தேன். அவருடைய உரக்கடை அப்போதுதான் கொஞ்சம் ஓட ஆரம்பித்திருந்தது. அண்ணனும் மதினியும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் ஒரு சொம்பு தண்ணீர் மொள்ளும்போதுகூட இது நம் வீடு இல்லை என்று கைக்குத் தெரியும். நான் பி.யூ.சி.யில் நல்ல மார்க் வாங்கினவள். பேப்பரில் பேங்க் கிளார்க் பரீட்சை விளம்பரம் பார்த்து யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டேன். கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் பயமில்லை. இந்த ரீசனிங் என்பதுதான் பிடிபடவே இல்லை. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு சார் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, உன் அப்பாவின் நஷ்டஈடு விஷயமாக ஆபீஸுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தேன். தோற்றுப்போனால் சந்தையில் வருகிறவன் போகிறவன் எல்லாம் என் அண்ணனிடம் துக்கம் கேட்பான். அதனால்தான் மறைத்தேன்.

அந்த சார் சொல்லித் தந்ததை உனக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டு வார்த்தை கொடுத்தால் முதலில் இரண்டையும் ஒரு வாக்கியத்தில் கட்டு. கட்டு தளர்வாக இருந்தால் இறுக்கு. கிணற்றுக்குத் தண்ணீர் என்றால் சுரங்கத்துக்கு என்ன? கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று தளர்வாகக் கட்டினால் சுரங்கத்தில் இருட்டும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான், எதை எழுதுவாய்? தோண்டி எடுப்பது தண்ணீர் என்று இறுக்கினால் நிலக்கரி தானாக வந்து நிற்கும். இது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. வாக்கியம் கொடுத்து முடிவு கேட்கிற கேள்விகள்தான் ஆகவில்லை. "எல்லா மேசைகளும் நாய்கள். எல்லா நாய்களும் பறக்கும். ஆகவே மேசைகள் பறக்கும், சரியா தப்பா?" என்பார். மேசை எப்படி சார் நாயாகும் என்று நான் சண்டைக்குப் போவேன். "கொடுத்ததை மட்டும் நம்பும்மா, உனக்குத் தெரிஞ்சதை எல்லாம் செருப்போட சேர்த்து வாசல்ல விட்டுட்டு வா" என்பார் சார். எதைக் கொடுத்தாலும் நம்பாதவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார்.

அண்ணனுக்கு ஒரு நாள் உறைத்துவிட்டது. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டார். "ஏத்தா, ஞாயித்துக்கெழம எந்த ஆபீஸு தொறந்திருக்கு?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் அதே பஸ்ஸில் பின் வாசல் வழியாக ஏறியது எனக்குத் தெரியாது. ஆரப்பாளையத்தில் இறங்கி நான் லாட்ஜ் மாடிப்படி ஏறுவதைப் பார்த்திருக்கிறார். அந்தப் படியில் ஏறி வரும்போது அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் பெஞ்சு நிறையப் பையன்கள், கரும்பலகையில் மேசையும் நாயும். சார் திரும்பிப் பார்த்து, "புது அட்மிஷனா? உக்காருங்க, கதவைச் சாத்துங்க" என்றார். அண்ணன் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தவர், எழுந்து போக வழி தெரியாமல் வகுப்பு முடிகிற வரைக்கும் அப்படியே இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். செக்கானூரணி தாண்டியபோது மெதுவாகக் கேட்டார். "மேச எப்படித்தா நாயாகும்?"

"அத விடுண்ணே. என்னையச் சந்தேகப்பட்டுத்தான பின்னாடி வந்த?"

"சொல்லாமக் கொள்ளாமப் போனா வேற என்னா நெனைக்கிறது?"

"தப்புப் பண்றவ சொல்லாமப் போவா. நானும் சொல்லாமப் போனேன். அதனால நானும் தப்புப் பண்றவ. அப்படித்தான?"

"ஆமா."

"கொரங்கு வாழப்பழம் திங்கும். நீயும் வாழப்பழம் திங்கிற. அதனால?"

அவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அன்றோடு என் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. கெட்டது என்னவென்றால், அதோடு அவருக்கு எல்லார் மேலும் இருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. தங்கச்சி பேங்குக்குப் போகப்போகிறாள் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மதினியின் தம்பி பாண்டியையும் அதே பரீட்சைக்கு எழுதிப்போட வைத்து அதே வகுப்பில் சேர்த்துவிட்டார். உனக்குப் பாண்டி மாமாவை மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவராகத்தான் தெரியும். அப்போது அவன்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரன். நான் பென்சிலை எடுப்பதற்குள் அவன் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். வயசு வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசிப் பரீட்சை.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அண்ணன் ஆரப்பாளையத்தில் உர மூட்டை விஷயமாகப் போன இடத்தில் ஒரு ஆளைப் பிடித்திருக்கிறார். பேன்ட் சட்டை, கையில் தோல் பை, மெட்ராஸ் ஆபீஸில் தெரிந்தவர்கள் இருப்பதாகப் பேச்சு. காசு கொடுத்து, டைப் அடித்த தாள்களை வாங்கி, வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்தார். மதினியை வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விரித்து வைத்தார். கேள்வியும் இருந்தது, பக்கத்தில் விடையும் இருந்தது. சொந்தத் தங்கச்சி பகலில் பஸ் ஏறிப் போனதற்கு உளவு பார்த்த மனுஷன், பேர் தெரியாத ஒருவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கி வந்திருக்கிறார். எனக்கு அதுதான் முதல் சந்தேகம். இவ்வளவு பெரிய விஷயத்தை அந்த ஆள் ஏன் உரக்கடைக்காரரிடம் பஸ் ஸ்டாண்டில் நின்று விற்கிறான்?

நான் தாளைத் தொடவே இல்லை, தள்ளிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எடுத்துப் பார்த்தேன். படபடப்போடுதான் பார்த்தேன். மயிலுக்குத் தோகை என்றால் யானைக்கு என்ன என்று ஒரு கேள்வி. கொடுத்திருந்த விடை தும்பிக்கை. எனக்கு சார் குரல் காதில் கேட்டது, கட்டை இறுக்கு என்று. தோகை எல்லா மயிலுக்கும் இல்லை, ஆணுக்குத்தான் உண்டு. அப்படிப் பார்த்தால் தும்பிக்கை வராது, தந்தம்தான் வர வேண்டும். சரி, தட்டச்சு பண்ணியவன் தவறியிருக்கலாம் என்று அடுத்ததைப் பார்த்தேன். எல்லா நர்ஸுகளும் பெண்கள், சில பெண்கள் கண்ணாடி போடுவார்கள், ஆகவே சில நர்ஸுகள் கண்ணாடி போடுவார்கள் என்று போட்டு, "சரி" என்று விடை கொடுத்திருந்தது. போடலாம். ஆனால் போட்டே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? கண்ணாடி போட்ட அந்தச் சில பெண்களில் ஒருத்திகூட நர்ஸாக இல்லாமல் போகலாமே. வகுப்பில் முதல் மாதம் வருகிறவன் செய்கிற தப்பு அது.

"அண்ணே, இது பொய்த்தாளு. இத எழுதுனவனுக்கு விடை தெரியல" என்றேன்.

பாண்டி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "விடை தப்பா இருந்தா என்னாக்கா? கேள்வி அதேதான வரும். விடைய நாம சரியாப் போட்டுக்குவோம்."

"விடை தெரியாதவன் கேள்விய மட்டும் எப்படிடா உண்மையாக் கொண்டாருவான்?"

"யாராச்சும் அவசரத்துல பாத்து எழுதியிருப்பாங்க."

"இருக்கலாம்டா. இருந்தே ஆகணும்னு இருக்கா?"

அவனுக்குப் புரிந்தது. என்னைவிட நன்றாகவே புரிந்திருக்கும். ஆனாலும் அவன் தாளைக் கீழே வைக்கவில்லை. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு ஒடம்பு பூராச் சந்தேகம்த்தா. அம்புட்டுச் செரமப்பட்டு வாங்கியாந்திருக்கேன்" என்று எழுந்து போய்விட்டார். மதினி என்னைப் பார்த்த பார்வையில், என் தம்பி பாஸ் பண்ணிவிடுவான் என்று உனக்குப் பொறாமை என்று எழுதியிருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை, பாவம்.

அதற்குப் பிறகு பாண்டி வகுப்புக்கு வரவில்லை. தாளை மனப்பாடம் பண்ணினான், மிச்ச நேரத்தில் சினிமாவுக்குப் போனான். நான் உன்னை மடியில் படுக்கப் போட்டுக்கொண்டு சார் கொடுத்த பழைய கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டேன். நடு நடுவே எனக்கும் ஆட்டம் கொடுக்கும். ஒருவேளை அது நிஜமாக இருந்து, பாண்டி உட்கார்ந்தபடி எழுதித் தள்ளிவிட்டு வந்தால் என் கதி என்ன? சந்தேகப்படுகிறவர்களுக்குத் தங்கள் சந்தேகத்தின் மேலும் நம்பிக்கை இருக்காது.

பரீட்சை மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எனக்கு இரண்டு வரிசை தள்ளி முன்னால் பாண்டி உட்கார்ந்திருந்தான். தாளைக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தைப் புரட்டினான், இரண்டாவதைப் புரட்டினான், மறுபடியும் முதலுக்கு வந்தான். அவன் தோள்பட்டை கீழே இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு கேள்விகூட அதிலிருந்து வரவில்லை. அவனுக்குத் தெரிந்த கேள்விகள்தான், வகுப்பில் ஊதித்தள்ளிய மாதிரிக் கேள்விகள்தான். ஆனால் ஏமாந்துபோனோம் என்கிற நினைப்பு வந்த பிறகு அவனால் யோசிக்க முடியவில்லை. வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். "அக்கா, எல்லாமே ஈசிக்கா" என்றான். ரிசல்ட்டில் என் நம்பர் இருந்தது, அவன் நம்பர் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். மதினி மூன்று வேளையும் அழுதாள். உன் மாமா அவமானத்தில் கொதித்துப்போய் என்ன செய்தார் தெரியுமா? யாரையும் கேட்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இன்ன மாதிரி ஆள் பேங்க் பரீட்சைத் தாள் என்று சொல்லிப் பொய்த்தாளை விற்று ஏமாற்றிவிட்டான், என் தங்கச்சிக்கும் மச்சினனுக்கும் வாங்கினேன் என்று எங்கள் பேரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். நிஜமான தாள் வாங்கப் போனேன் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அந்தப் புகார் அங்கிருந்து பேங்குக்குப் போய்விட்டது. பிறகு வீட்டு வாசலில் போலீஸ்காரர் வந்து நின்று, பரீட்சையில் பாஸான பொம்பளை யார் என்று கேட்டார். தெருவே எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து உசிலம்பட்டியில் நான் எங்கே போனாலும் பேச்சு நின்று, நான் தாண்டிய பிறகு தொடங்கும். பாஸான நான் கள்ளத்தனம் பண்ணிப் பாஸானவளாகவும், தாளை நம்பித் தோற்ற பாண்டி அப்பாவியாகவும் ஆகிவிட்டோம்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அறையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் வயசானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். மேசை மேல் அண்ணனுடைய புகாரின் நகல். இங்கிலீஷில் ஊர், பேர் கேட்டவர் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"இதுல சொல்லியிருக்கிற தங்கச்சி நீங்கதானா?"

"ஆமா சார்."

"அந்தத் தாளைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். யார் சாட்சி? அண்ணன் என் காலில் விழுந்தாவது மாற்றிச் சொல்லியிருப்பார். வெளியே மரத்தடியில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தவரும் அவர்தான். ஆனால் நடுவில் இருந்த அந்தப் பெரியவர் என் கண்ணைப் பார்த்த விதத்தில் ஒன்று தெரிந்தது. இவர் என்னைப் போலவே எதையும் லேசில் நம்பாதவர்.

"பார்த்தேன் சார்."

"பார்த்துட்டு?"

"பொய்த்தாளுன்னு தெரிஞ்சுது. கீழ வச்சிட்டேன்."

"எப்படித் தெரிஞ்சுது?"

யானையையும் நர்ஸையும் சொன்னேன். ஓரத்தில் இருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, "சரிம்மா, அது பொய்ன்னு கண்டுபிடிச்சீங்க. கெட்டிக்காரத்தனம்தான். அந்த யானைக்குத் தந்தம்னு சரியாப் போட்டிருந்தா? அது உண்மையான தாளுன்னு ஒங்களுக்குத் தோணியிருந்தா?" என்று கேட்டார்.

தொட்டிருக்க மாட்டேன் என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். நானே நம்ப மாட்டேன். வேட்டி மடிப்பிலிருந்து தாள் வெளியே வந்தபோது என் கை முந்திக்கொண்டு நீண்டது எனக்குத் தெரியுமே. "தெரியல சார்" என்றேன். அவர் "போகலாம்" என்றார்.

வேலை கிடைக்காது என்றுதான் எல்லாரும் இருந்தோம். மாதங்கள் போயின. உத்தரவு வந்தபோது அண்ணன் உரக்கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அந்தப் பெரியவர் எனக்காக என்ன எழுதினார், எழுதினாரா என்பது எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. பாண்டி அதன் பிறகு எந்தப் பரீட்சைப் பேச்சையும் எடுத்ததில்லை. நீ பாண்டி மாமா கடைக்குப் போனால் ஒரு மோட்டாரைக் கழற்றி, எந்த இடத்தில் கோளாறு என்று வரிசையாக யோசித்துக்கொண்டே போவதைப் பார். அந்த மூளை கவுன்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்க வேண்டியது.

இனி உன் விஷயம். உன் வரியை வைத்து நான் இவ்வளவும் நினைத்ததை நானே இறுக்கிப் பார்த்தேன். தாள் வாங்கியவன் கேள்வி கேட்டு எழுத மாட்டான். நீ கேள்வி கேட்டு எழுதவில்லை. அதனால் நீ தாள் வாங்கியவன். இது தப்பு என்று எனக்குத் தெரிகிறது. நீ நல்ல சார் யாரையாவது பிடித்திருக்கலாம். ஒரு சிநேகிதன் கூட உட்கார்ந்து சொல்லித் தரலாம். எல்லாமே இருக்கலாம் என்கிற கணக்குதான், இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அப்படி இருந்தால் இந்த அம்மாவைத் திட்டி நாலு வரி எழுது. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அப்படி இல்லை, ஒரு ஆள் வந்திருக்கிறான், தாள் வரப்போகிறது என்றால், அது பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்லி உன்னைப் பயமுறுத்தப் போவதில்லை. பொய்யாக இருந்தால் ஒரு பரீட்சை போகும், உனக்கு வயசு இருக்கிறது, அடுத்ததை எழுதலாம். என் பயம் அது நிஜமாக இருந்துவிட்டால் என்பதுதான். நீ பாஸ் பண்ணுவாய். டை கட்டாத குறையாகப் பேங்குக்குப் போவாய். உன் மாமா ஊரெல்லாம் சொல்லுவார். நானும் கேட்கிறவர்களிடம் என் மகன் என்றுதான் சொல்லுவேன். ஆனால் அதற்குப் பிறகு நீ மாதக் கடைசியில் என்னைப் பார்க்க வந்து, சாப்பிட்டுக் கை கழுவி, பணத்தை என் கையில் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அதை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் பெட்டியில் வைக்கக் கஷ்டப்படுவேன். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய், தம்பி. நீ பார்க்காதபோது பார்ப்பேன்.

அம்மா
பேரையூர்